படத்தின் கறுத்த மூலை

"கிணறு மாதிரி இருக்கு," என்றார் விசாரணை அதிகாரி.

மேசைமேல் கிடந்த படத்தை அவர் விரல் நகத்தால் தட்டினார். ஷண்முகப்ரியா எட்டிப் பார்த்தாள். மேல்பாதியில் தேயிலைச் சரிவும் அதன் தலையில் ஒரு கிழிசல் வானமும் இருந்தன. கீழ்பாதி முழுக்கத் தண்ணீர். தண்ணீருக்குள் கூழாங்கற்கள் படிப்படியாக இறங்கி, பச்சை நீலமாகி, நீலம் கறுப்பாகி, எங்கோ பாதாளத்தில் போய் மறைந்தன. முன்னால் ஒரு தலைப்பிரட்டை எருமைக் கன்று அளவுக்கு மிதந்துகொண்டிருந்தது. அவள் தம்பி கதிர் எடுத்த கடைசிப் படம் அது. அதை எடுத்த கையோடு அவன் தண்ணீரில் போனான்.

"நீச்சல் தெரியாதுன்னு நீங்களே சொல்றீங்க. தெரியாதவரு இந்த ஆழத்துல இறங்கினா என்ன ஆகும்? அவரு எடுத்த படமே சாட்சி. இதுக்கு மேல நான் என்னத்தை விசாரிக்கிறது?"

எதிரே இருந்த சுரேஷ் வருத்தமாகத் தலையாட்டினான். மேல்முகடு எஸ்டேட்டின் மேனேஜர். ஓடை அந்த எஸ்டேட்டுக்குள்தான் ஓடுகிறது. "ரொம்ப டேலண்டான ஆள் சார். நாங்களும் போர்டு வெச்சிருக்கோம், ஆழமான பகுதி, இறங்காதீர்னு. யாரு கேக்கறா?"

அந்த போர்டு கதிர் செத்த பிறகு நட்டது. அதன் அடியில் மண்கூட இன்னும் இறுகவில்லை. அதை அவள் சொல்ல வாயெடுத்தபோது பக்கத்தில் அவள் அப்பா மாரப்பன் முந்திக்கொண்டார்.

"அவன் சின்னதுலிருந்தே அப்படித்தானுங்க. சொன்னாக் கேக்க மாட்டான்."

ஷண்முகப்ரியா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அதிகாரி சொன்னதைப் பொறுத்துக்கொண்டாள். சுரேஷ் சொன்னதையும் பொறுத்துக்கொண்டாள். இது தாங்கவில்லை. மகனைக் கொன்றவன் முன்னால் உட்கார்ந்துகொண்டு மகன்மேல் பழி சொல்கிறார்.

"வெள்ளிக்கிழமை கடைசியா ஒரு தடவை உட்காரலாம். ஏதாவது இருந்தா கொண்டு வாங்க. இல்லாட்டி சொந்தக் கவனக்குறைவுன்னு முடிச்சு அனுப்பிடறேன்," என்று அதிகாரி படத்தை உறைக்குள் போட்டார்.

சொந்தக் கவனக்குறைவு. கடைவீதி வரை இறங்கி நடக்கும்போது அந்தச் சொல் செருப்புக்குள் புகுந்த கல்லைப் போல உறுத்திக்கொண்டே வந்தது.

மஞ்சூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிறது மாரப்பனின் ஸ்டுடியோ. அன்னூரிலிருந்து வாலிபத்தில் மலையேறி வந்தவர். சுற்றுவட்டாரத்தில் பாதிப்பேரின் கல்யாணத்தை அவர் எடுத்தார், அவர்கள் பிள்ளைகளின் கல்யாணத்தைக் கதிர் எடுத்தான். ஷண்முகப்ரியாவுக்குக் கூட்டுறவுத் தேயிலை ஃபேக்டரியில் கணக்கர் வேலை. அம்மா இல்லாத வீட்டில் மூன்று பேரும் சமைப்பதற்குச் சண்டை போட்டுக்கொண்டு, கடைசியில் யாரோ ஒருவர் சமைத்து, மற்ற இருவரும் குறை சொல்லிச் சாப்பிடுவார்கள். அப்படி ஓடிக்கொண்டிருந்த வீடு.

கதிருக்குக் கல்யாணப் படம் சோறு. ஓடைதான் உயிர். கோயமுத்தூரில் ஒருவர் அந்தமானுக்கு முக்குளிக்கப் போய் வந்து, மூச்சுக்கோளாறு வந்து அதை விட்டுவிட்டார். அவரிடமிருந்து ஒரு சின்னக் கேமராவை வாங்கி வந்தான். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதற்குத் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் கூடு. கூட்டின் முன்னால் திருகி மாட்டுவதற்கு ஒரு லென்ஸ், கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்தது போல உருண்டையாக. டோம் என்பான்.

"கடல்ல எடுக்கறதைக் கொண்டாந்து ஓடையில என்னடா பண்ணுவே?" என்றார் மாரப்பன்.

"இதை மாட்டுனா ஓடையே கடலாட்டம் தெரியும்ப்பா."

"தெரிஞ்சு? கப்பல் உடறயா?"

உண்மையில் அப்படித்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடை பிடிக்க அக்காவைக் கூட்டிப் போவான். அட்டைக்குப் பயந்து முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். சின்ன வயதில் துணி துவைக்கும் தொட்டியில் தலைகீழாக விழுந்து எழுந்தவன், தண்ணீர் என்றால் அவனுக்கு உள்ளூர உதறல். பூட்ஸின் விளிம்பைத் தாண்டித் தண்ணீர் வரும் இடத்துக்கு ஒருநாளும் போனதில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை. தொட்டிப்பாறை என்று, எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்கள் துணி அலசும் இடம், கோடையில் ஆடுசதை நனையாது. அங்கேதான் உட்கார்ந்து எடுப்பான்.

முதலில் கேமராவைத் தண்ணீருக்குள் முக்கி, டோமைத் தண்ணீருக்குள்ளேயே அரைச்சுற்றுத் தளர்த்துவான். கூட்டுக்கும் டோமுக்கும் நடுவில் சிக்கிய காற்று குமிழியாக வெளியேறும். பிறகு இறுக்குவான். "ஒரு குமிழி நின்னாலும் படத்துல நிலா மொளச்சிரும்க்கா." அதன்பின் தலைப்பிரட்டையின் மூக்கில் முட்டுகிற மாதிரி டோமைக் கொண்டுபோவான். "இது பெருசா வாயைத் தொறந்து எல்லாத்தையும் பாக்கும். கிட்ட இருக்கறது மலையாயிரும். ஒரு முழம் தள்ளி இருக்கறது ஊருக்கு அந்தாண்ட போயிரும்."

பாதி தண்ணீருக்கு மேலே, பாதி கீழே தெரிகிற படம் எடுக்க வேண்டும் என்றால் பாக்கெட்டிலிருந்து ஓர் ஊட்டி உருளைக்கிழங்கை எடுத்துப் பேனாக்கத்தியால் இரண்டாக நறுக்குவான். வெட்டிய பக்கத்தை டோம்மேல் தேய்த்தால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஒட்டாமல் வழுக்கி ஓடிவிடும். கடலில் முங்குகிறவர்கள் செய்வதாம். மீதிக் கிழங்கை வீட்டுக்குக் கொண்டுவந்து குழம்பில் போடச் சொல்லுவான். "லென்ஸ் தொடைச்ச கெழங்கை நீயே தின்னு" என்பாள்.

டோம் மாட்டினால் படத்தின் நான்கு மூலையிலும் கறுப்பு விழும். கொஞ்சம் ஜூம் செய்தால் போய்விடும். கதிர் செய்யமாட்டான், ஓரத்தில் இருப்பது போய்விடுமாம். மாரப்பனுக்கு அது கண்ணில் விழுந்த தூசி. "மூலை கறுத்த படத்தை எவன்டா வாங்குவான்? வெட்டி எடு" என்பார். அப்பாவும் மகனும் அதற்காகப் பேசாமல் இருந்த நாள்கள் உண்டு.

தொட்டிப்பாறைக்கு மேலே எஸ்டேட்டின் பழைய தடுப்பணை இருக்கிறது. ஃபேக்டரிக்குத் தண்ணீர் தேக்கக் கட்டியது. இரும்பு ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் கையால் சுற்றும் சைரன் சங்கை ஊதுவது அங்கே வழக்கம். சங்கு கேட்டதும் ஓடையில் இருக்கிற பெண்கள் வாளியையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு கரையேறிவிடுவார்கள். பிறகுதான் தண்ணீர் வரும். ஷட்டர்காரர் அய்யாவு, சிலோனிலிருந்து சிறுவனாகத் திரும்பி வந்தவர், இந்த வேலையில் தலை நரைத்தவர்.

எஸ்டேட் கைமாறியது. பங்களா ரிசார்ட் ஆனது. அணைக்குக் கீழே, பங்களாவின் கண்ணாடி ஜன்னலுக்கு நேராக ஒரு சின்ன அருவி. கோடையில் அது நூலாக வடியும். பணம் கொடுத்து வந்தவர்களுக்கு நூல் போதாது. காலைப் பலகாரம் சாப்பிட உட்காரும் நேரத்தில் ஷட்டரைத் தூக்கினால் அருவி வெள்ளைவெளேரென்று விழும், எல்லோரும் செல்போனைத் தூக்குவார்கள்.

சித்திரை மாதம், ஒரு புதன்கிழமை. ஷண்முகப்ரியா ஆபீஸில் இருந்தாள். கதிர் தனியாகப் போயிருந்தான். லயத்துப் பெண்கள்தான் அவனைக் கண்டார்கள், தொட்டிப்பாறைக்கு வெகு கீழே, இரண்டு பாறைக்கு நடுவில். கேமராவின் கயிறு மணிக்கட்டிலேயே இருந்தது.

அவனுடைய பொருள்களைக் கொடுத்த போலீஸ்காரர் பாதிக் கிழங்கைத் தனியாக எடுத்து மேசைமேல் வைத்தார். "இதென்னங்க, அங்கயே சமைக்கலாம்னு போனாரா?" பக்கத்தில் நின்றவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் விதி என்றார்கள், நேரம் என்றார்கள், தண்ணியில கண்டம் என்றார்கள். ஷட்டர் என்று ஒருத்தர் சொல்லவில்லை. சங்கு கேட்டதா என்று அவள் லயத்தில் ஒவ்வொரு வாசலாக நின்று கேட்டாள். அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி எல்லோரும் உள்ளே போனார்கள்.

அதிகாரி ஓடையைப் பார்க்க ஒருமுறை வந்தார். அதற்குள் மழை பிடித்துவிட்டது. தொட்டிப்பாறையில் இடுப்பளவு செந்தண்ணீர் ஓடியது. சுரேஷ் குடை பிடிக்க, அவர் பார்த்துவிட்டுப் போனார்.

இப்போது வெள்ளிக்கிழமை வரைதான் நேரம்.

ஸ்டுடியோவுக்குள் வந்ததும் ஷண்முகப்ரியா ஷட்டரை இழுத்துச் சாத்தினாள். அது விழுந்த சத்தத்தில் பக்கத்து பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னங்ப்பா சொன்னீங்க அங்க? சொன்னாக் கேக்க மாட்டானா? உங்க பையன் ஆழத்துல போய் இறங்குவானா?"

"படத்துல தெரியுதே கண்ணு. நானும் பாத்துப் பாத்துத்தான் சொல்றேன். ஆசையில ஒரு எட்டு உள்ள வெச்சிருப்பான்."

"வெச்சிருக்க மாட்டான்."

"நீ பாத்தயா?"

அவள் பார்க்கவில்லை. அதுதான் அவளை எரித்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். போலீஸ் கேமராவைச் சாட்சிக்கென்று திரும்ப எடுத்துப்போவதற்கு முன் கார்டில் இருந்ததை எல்லாம் மாரப்பன்தான் இதில் ஏற்றினார். படத்துக்குப் பிரிண்ட் போட்டுக் கொடுத்ததும் அவரே. ஊரில் வேறு ஸ்டுடியோ கிடையாது. போலீஸ்காரர் கேட்டார், அழுதுகொண்டே போட்டுக் கொடுத்தார்.

கடைசிப் படத்தைத் திறந்தாள். அதே தேயிலை, அதே தலைப்பிரட்டை. ஆனால் இது பெரிதாக இருந்தது. நான்கு மூலையும் கரி பூசினது போல வளைந்து கறுத்திருந்தன. இடதுபக்க ஓரத்தில், கறுப்பைத் தொட்டுக்கொண்டு ஏதோ நின்றது. பெரிதாக்கினாள்.

பூட்ஸ். கதிரின் இடதுகால். மூக்கு கூழாங்கல்மேல் ஊன்றியிருந்தது. கணுக்கால் தண்ணீருக்குள் இருந்தது. அதற்கு மேலே தண்ணீரின் கோடு, கோட்டுக்கு மேலே பூட்ஸின் பாதி உயரம் வெளியே காற்றில். அந்தப் பாதியில் வரும் வழியில் ஒட்டிய சேறு காய்ந்து வெளுத்து அப்படியே இருந்தது. தண்ணீர் அதைத் தொடவே இல்லை.

"அப்பா. இங்க வாங்க."

மாரப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இது பிரிண்ட்ல ஏன் இல்லை?"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். "மூலை கறுப்பா இருந்துது கண்ணு," என்றார் கடைசியில். "பூட்ஸ் வேற பாதி நீட்டிட்டு அசிங்கமாத் தெரிஞ்சுது. அவன் எடுத்த கடைசிப் படம், நல்லா இருக்கட்டும்னு நாலு பக்கமும் வெட்டிட்டேன். எப்பவும் வெட்டறதுதானே."

எப்பவும் வெட்டறதுதான். கல்யாண வீட்டில் ஓரத்தில் நிற்கும் எச்சில் இலையை வெட்டுவார், கறிவேப்பிலைக் கட்டை வெட்டுவார், அழைக்காமல் வந்து நின்ற சொந்தக்காரரை வெட்டுவார். மகனின் காலையும் வெட்டிவிட்டார்.

அவளுக்கு அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கி வீதியில் எறிய வேண்டும் போல இருந்தது. அப்பாவை ஏதாவது சொல்ல வேண்டும், ஆறாத மாதிரி ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று நாக்கு துடித்தது. எழுந்து வெளியே போனாள். பஸ் நிறுத்தத்தில் அந்தக் கடைசிக்கும் இந்தக் கடைசிக்கும் நடந்தாள். ஊட்டி பஸ் வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போனது. திரும்பி வந்தபோது மாரப்பன் அதே இடத்தில் நின்று திரையில் பூட்ஸைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

"முழுசா ஒரு பிரிண்ட் போடுங்க," என்றாள். "மூலையோட."

மறுநாள் லயத்துக்குப் போனாள். அய்யாவு கதவோரம் குந்தி மழைக்கோட்டைத் தைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி தெய்வம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"அன்னைக்குச் சங்கு ஊதுனீங்களா?"

"குடி புள்ள, ஆறிப்போகும்."

"ஊதுனீங்களான்னு கேட்டேன்."

அய்யாவு ஊசியில் நூலைக் கோக்கப் பார்த்தார். நூல் நுழையவில்லை. தெய்வம்மாதான் பேசினாள். "ஊடு கம்பெனி ஊடு தங்கச்சி. மகன் ஜெகதீசனுக்கும் இங்கனதான் வேலை. கேக்கிறதக் கேட்டுட்டு நீ கீழ போயிருவ. நாங்க எங்க போறது? ஒரு கடல் தாண்டி வந்தது போதும்."

ஷண்முகப்ரியா டம்ளரைத் தொடாமல் எழுந்தாள். அவர்கள்மேலும் கோபம்தான். அவர்கள் சொன்னதில் பிழை இல்லை என்பதால் அந்தக் கோபத்தை வைக்க இடம் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாரப்பன் வீட்டில் துணி அலசும் நீல பிளாஸ்டிக் தொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைவீதியில் நடந்தார். "என்ன மாரப்பண்ணே, ஆபீசருக்குத் தொவைச்சுப் போடப் போறீங்களா?" என்று பேக்கரிக்காரர் கேட்டார். "ஆமா," என்றார் அவர், நிற்காமல்.

தொட்டியைப் பார்த்ததும் சுரேஷ் புருவத்தைத் தூக்கினான். "மேடம், இது கவர்மெண்ட் ஆபீஸ். பாத்ரூம் இல்லை."

"உட்காருங்க சார். உங்க ரிசார்ட்ல தினம் ஃபால்ஸ் ஷோ காட்டறீங்க. இன்னைக்கு நான் ஒண்ணு காட்டறேன்."

அதிகாரிக்குக் கொஞ்சம் ஆர்வம் வந்துவிட்டது. கேட்டதும் கேமராவைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். டோமில் பாறை உரசிய கீறல் இருந்தது. அவள் கூட்டைத் திறந்தாள், கதிரின் மாற்று பேட்டரியைப் போட்டாள், ரப்பர் வளையத்தில் மணல் இல்லையென்று விரலால் தடவிப் பார்த்து மூடினாள். அவன் செய்யும்போது குடையைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ முறை பார்த்ததுதான். தொட்டியில் ஒரு சாண் தண்ணீர் ஊற்றினாள். கொண்டுவந்த கூழாங்கற்களைப் பரப்பினாள். அதிகாரியின் காலி டீ டம்ளரை எடுத்துத் தொட்டியின் அந்தப் பக்கத்தில் நிறுத்தினாள். டோமைத் தண்ணீருக்குள் தளர்த்தினாள். ஒரு குமிழி கொப்பளித்துப் போனது. இறுக்கினாள்.

பிறகு கைப்பையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து நறுக்கினாள்.

"இது எதுக்கும்மா?" என்றார் அதிகாரி.

"டோம்ல சொட்டு நிக்காம இருக்கறதுக்குங்க. பாதி மேல, பாதி கீழன்னு எடுக்கறப்பத்தான் தேய்க்கறது. இதுதானுங்க அவன் பாக்கெட்டுல இருந்துது. சமைக்கப் போனாரான்னு உங்க ஆளுங்க கேட்டாங்களே, இதுக்குத்தான்."

அவள் மண்டியிட்டு, டோமின் பாதியைத் தண்ணீரில் அமிழ்த்திப் படம் எடுத்தாள். துடைத்து, கேமராவை மேசைமேல் வைத்தாள்.

திரையில் ஒரு பள்ளத்தாக்கு தெரிந்தது. முன்னால் பாறைகள், ஒவ்வொன்றும் வீட்டளவு. அவை சரிந்து சரிந்து நீலத்துக்குள் இறங்கின. அடிவாரத்தில், கிணற்றுக்குள் யாரோ தவறவிட்டது போல, ஒரு டம்ளர். மேலே வளைந்த கூரையின் கீழ் சுரேஷ் எறும்பாக உட்கார்ந்திருந்தான்.

"இது... இந்தத் தொட்டியா?" அதிகாரி எழுந்து வந்தார். நம்பாமல் கையைத் தண்ணீருக்குள் விட்டார். விரல் அடியைத் தொட்டபோது தண்ணீர் அவர் கைக்கடிகாரத்தின் பட்டையோடு நின்றது. கையை உதறிவிட்டு மறுபடி திரையைப் பார்த்தார்.

ஷண்முகப்ரியா முழுப் பிரிண்டை விரித்தாள். "இது வெட்டாத படம். மூலையில பாருங்க, அவன் பூட்ஸ். அதுக்கு மேல சேறு காஞ்சு இருக்குது."

"நான் வெட்டினதுங்க," என்றார் மாரப்பன். "தெரியாம வெட்டிட்டேன். அதையும் எழுதிக்கோங்க."

சுரேஷ் எட்டிப் பார்த்தான். "அந்தக் காலு ஒரு பாறை மேல நின்னிருக்கலாமே சார்."

"பாறை மேல நின்னாருன்னா ஆழத்துல இறங்கினாருன்னு நீங்க எப்படிச் சொன்னீங்க?" என்றார் அதிகாரி. அவர் குரல் மாறியிருந்தது.

அப்போதுதான் மாரப்பன் அவன் பக்கம் திரும்பினார். கடைக்கு வந்த ஆளிடம் பேசுகிற அதே மரியாதையோடு கேட்டார். "ஏனுங்க சார். முழங்காலுக்குக் கீழ இருந்த தண்ணி. என்ற பையன் தலைக்கு மேல எங்கிருந்துங்க வந்துது?"

"ஷட்டர் திறக்கறது ரொட்டீன். சைரன் அடிச்சுத்தான் திறக்கறோம். எங்க ஷட்டர் ஆளே வெளியில இருக்காரு, கேளுங்க."

தைரியமாகத்தான் சொன்னான். அய்யாவுவை அவனே ஜீப்பில் ஏற்றி வந்திருந்தான்.

அய்யாவு உள்ளே வந்து சுவரோரம் நின்றார். சங்கு ஊதினீர்களா என்று அதிகாரி கேட்டார். அவர் தரையைப் பார்த்தார். மறுபடி கேட்டார். தரையையே பார்த்தார்.

"அய்யாவு மாமா," என்றாள் ஷண்முகப்ரியா. "நான் உங்களைத் திட்ட வரலை. திட்டறதுக்கு எனக்கு நெறைய ஆள் இருக்குது. ஒவ்வொரு தடவை கிளம்பறப்பவும் பாத்துப் போடான்னு சொல்லுவேன். அவன் என்ன சொல்லுவான் தெரியுங்களா? அய்யாவு மாமா ஊதுவாருக்கா, கேட்டதும் ஏறிருவேன்னு. உங்களை நம்பித்தான் அவன் முதுகைக் காட்டிட்டு உட்கார்ந்தான். ஊதலைன்னாலும் சொல்லுங்க. ஊதுனீங்கன்னாலும் சொல்லுங்க. அவன் காதுல விழுந்தும் எந்திரிக்கலைன்னு நான் ஊட்டுக்குப் போய் அவனையே திட்டிக்கறேன்."

அய்யாவு மேசைக்கு வந்தார். விரித்த படத்தில் பூட்ஸைப் பார்த்தார்.

"ஊதலைங்க," என்றார்.

"யோவ்," என்றான் சுரேஷ்.

"ஊத ஏலாதுங்க ஐயா. இந்த சீசன் தொடங்கையில மேனேஜர் தொரை சங்கோட கைப்பிடியக் கழட்டிட்டாரு. ஆபீஸ் அலமாரியில பூட்டி வெச்சிருக்கு. விருந்தாளிங்க தூக்கம் கெடுதாம். கைப்பிடி இல்லாம எப்படிச் சுத்துறது? ஷட்டரத் தூக்க முன்ன நான் வாயால கத்துவேன். அன்னைக்கும் கத்துனேன். தண்ணிச் சத்தத்துல கேக்கல." கொஞ்சம் நிறுத்தி, "நல்லாத்தான் கத்துனேன்," என்றார்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். வெகுநேரம் எழுதினார். எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினார். சொந்தக் கவனக்குறைவு என்ற சொல் அதில் இல்லை. ஷட்டரும் இருந்தது, சங்கும் இருந்தது, அலமாரியும் இருந்தது.

வெளியே படியில் சுரேஷ் பின்னாலேயே வந்தான். "மேடம், எமோஷன்ல பேசாம... உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க. உட்கார்ந்து பேசலாம்."

"கைப்பிடியை மாட்டுங்க," என்றாள்.

"அது சின்ன விஷயம் மேடம்."

அவள் கையில் தொட்டி இருந்தது. அதில் இருந்த தண்ணீரை அவன்மேல் ஊற்றாமல் சாக்கடையில் ஊற்ற அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். "சின்ன விஷயந்தான்," என்றாள். "அதைத்தான் நானும் சொல்லிட்டு இருக்கறேன்."

வழக்கு இன்னும் நடக்கிறது. சுரேஷை எஸ்டேட்காரர்கள் வேறு மலைக்கு மாற்றிவிட்டார்கள், அங்கேயும் ஒரு பங்களாவாம். அய்யாவுவை ஷட்டரிலிருந்து எடுத்துக் களைவெட்டில் போட்டார்கள். வீட்டைப் பறிக்கவில்லை, இதுவரை. தெய்வம்மா சந்தையில் ஷண்முகப்ரியாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். திருப்பட்டும். அவளுக்கு அந்த உரிமை உண்டு.

முழுப் படத்தை மாரப்பன் கடை முன்கண்ணாடியில் மாட்டியிருக்கிறார், மணமக்கள் படங்களுக்கு நடுவில். "மூலையெல்லாம் கறுத்துக் கெடக்குதே, வெட்டிப் போடக் கூடாதா?" என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். "அது அப்படித்தானுங்க," என்கிறார்.

கைப்பிடியை மாட்டிவிட்டார்கள். காலையில் ஷட்டர் தூக்கும் முன் சங்கு ஊதுகிறது. காற்று இந்தப் பக்கம் அடித்தால் மஞ்சூர் கடைவீதி வரை கேட்கிறது. முதன்முதலில் கேட்ட அன்று பேக்கரிக்காரர் ஓடிவந்து, "கேட்டுதா ப்ரியா? நீ ஜெயிச்சுட்டே," என்றார். அவளுக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது.

மாரப்பன் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, அது ஊதி முடியும்வரை நின்றுகொண்டிருந்தார். பெரிய சத்தம்கூட இல்லை. பசியில் கன்றுக்குட்டி கத்துவது போல எழுந்து, இழுத்து, அடங்கியது. ஒருவன் எழுந்து நான்கு எட்டு வைத்துக் கரையேற அது தாராளமாகப் போதும்.

"இவ்வளவுதானா கண்ணு?" என்றார்.

"இவ்வளவுதானுங்ப்பா," என்றாள். "இதைத்தான் அவங்களால தாங்க முடியலை."